அப்பாவோட பஜேரோ ஏன் கொதிச்சது?

(ஒலி வடிவில் வந்த எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் தொகுத்திருக்கிறோம்.)

வழக்கமா இங்க கோடு, கிளவுடு, வேலை மாறுறது, சம்பளம்னு பேசிட்டு இருப்போம். இந்த வாரம் அதெல்லாம் லீவு. இன்னைக்குப் பேசப் போறது ஒரு இன்ஜினைப் பத்தி. நிஜமான இன்ஜின். டீசல் குடிக்கிறது, புகை விடுறது.

போன ஏப்ரல்ல என் கையும் முகமும் வெந்து போயிருக்க வேண்டியது. போகாம இருந்ததுக்குக் காரணம் ஒரு லாரி டிரைவர். அவர் பேர்கூட எனக்குத் தெரியாது. அந்தக் கதையில இருந்தே ஆரம்பிக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் நிலக்கோட்டை. திண்டுக்கல் மாவட்டம். பூ மார்க்கெட்டுக்குப் பேர் போன ஊர். அப்பா அந்த மார்க்கெட்ல கமிஷன் கடை வச்சிருக்கார். விடியறதுக்கு முன்னாடி மல்லிகை எடை போட ஆரம்பிச்சா, மதியம்தான் வீட்டுக்கு வருவார். அவருக்கு வாழ்க்கையில ஒரே ஒரு ஆடம்பர ஆசைதான் இருந்தது: பஜேரோ.

உங்கள்ல 90ஸ் கிட்ஸ் இருந்தா அந்த வண்டியோட கெத்து தெரியும். மிட்சுபிஷி பஜேரோ. டக்கார் ராலியில 12 தடவை ஜெயிச்ச வண்டி. அதுல 2001ல இருந்து 2007 வரைக்கும் தொடர்ச்சியா 7 தடவை. இந்தியாவுல இந்துஸ்தான் மோட்டார்ஸ் மூலமா வந்தது. உலகத்துக்கு மூணாவது தலைமுறை வந்த பிறகும் நமக்குக் கிடைச்சது ரெண்டாவது தலைமுறைதான். 2.8 லிட்டர் டர்போ டீசல், லேடர் சேஸி, நாலு சக்கரத்துக்கும் இழுவை. கட்சிக்காரங்க, மில் ஓனருங்க, சினிமாக்காரங்க வண்டி. அது ஊருக்குள்ள வந்தா யாரோ பெரிய ஆள் வந்திருக்காங்கன்னு அர்த்தம்.

2019ல அப்பா ஒரு 2006 மாடலை செகண்ட் ஹேண்ட்ல வாங்கிட்டார். அம்மா 2 நாள் பேசல. ஆனா அப்பா தினமும் சாயங்காலம் அதைத் துடைக்கிறதைப் பார்த்ததும் அம்மாவும் சமாதானம் ஆயிட்டாங்க.

டம் டம் பாறைக்கு முன்னாடி

போன ஏப்ரல்ல நான் லீவுக்கு வந்திருந்தேன். அக்காவும் வந்திருந்தா, கையில 8 மாசக் குழந்தை. வெயில் தாங்கலைன்னு எல்லாரும் கொடைக்கானல் கிளம்பினோம். வத்தலக்குண்டு தாண்டுற வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்ல. காமக்காபட்டி செக்போஸ்ட் கடந்து மலை ஏற ஆரம்பிச்சதும் டெம்பரேச்சர் முள் மெதுவா மேல போகுது. ஓட்டுறது நான். ஏசி ஓடுது, 7 பேர் இருக்கோம், முன்னாடி ஒரு பஸ் உருட்டிக்கிட்டுப் போகுது. டம் டம் பாறை வர்றதுக்கு முன்னாடியே முள் சிவப்புக்குள்ள போயிடுச்சு. ஓரம் கட்டினேன். பானெட்டுக்குக் கீழ இருந்து ஆவி.

நான் என்ன பண்ணேன் தெரியுமா? சீட்டுக்கு அடியில இருந்த துணியை எடுத்து ரேடியேட்டர் மூடி மேல வச்சுத் திருகப் போனேன். தண்ணி ஊத்தணும்னு அவசரம். பக்கத்துலேயே அக்கா குழந்தையோட நிக்கிறா.

மேல இருந்து இறங்கிட்டு இருந்த லாரி ஒண்ணு சடக்குன்னு நின்னுச்சு. டிரைவர் தலையை நீட்டி ஒரே கத்து: "ஏய் தம்பி! கைய எடு! மூடியைத் தொட்ட, மூஞ்சி இருக்காது பாத்துக்க!"

கையை எடுத்துட்டேன். அவர் இறங்கி வந்து, அக்காவைத் தள்ளி நிக்கச் சொன்னார். "ஒரு மணி நேரம் சும்மா உக்காருங்க. அது தானா ஆறும்"னு சொல்லிட்டுப் போயிட்டார்.

அவர் சொன்னது ஏன் சரின்னு அப்புறம்தான் படிச்சேன். ரேடியேட்டர் மூடி சாதாரண மூடி இல்ல, அது ஒரு பிரஷர் வால்வு. நம்ம வீட்டு குக்கர் வெயிட் மாதிரி. கிட்டத்தட்ட 1 பார் அழுத்தத்தை உள்ள பிடிச்சு வைக்கும். அந்த அழுத்தத்துல தண்ணி 100 டிகிரியில கொதிக்காது, 120 வரைக்கும் தண்ணியாவே இருக்கும். நீங்க மூடியைத் திறந்த அந்த நொடி அழுத்தம் போயிடும். 115 டிகிரியில இருக்கிற தண்ணிக்கு இப்ப தண்ணியா இருக்க உரிமையே கிடையாது. மொத்தமா கொதிச்சு, ஆவியோட சேர்ந்து உங்க மேல பாயும். மலை மேல இன்னும் மோசம். கொடைக்கானல் உயரத்துல, அதாவது சுமார் 2,100 மீட்டர்ல, திறந்த பாத்திரத்துல தண்ணி 93 டிகிரியிலேயே கொதிச்சிடும்.

"ஹெட் போயிருச்சு"

வண்டியை ஆற வச்சு, மெதுவா கீழ இறக்கி வீட்டுக்கு வந்தோம். ஒரு மெக்கானிக்கிட்ட காட்டினோம். பார்த்த 5 நிமிஷத்துல "ஹெட் கேஸ்கெட் போயிருச்சுங்க. இன்ஜின் இறக்கணும். ஒன்றரை லட்சத்துல இருந்து ரெண்டு லட்சம் ஆகும்"னார். அன்னைக்கு ராத்திரியே ஒரு புரோக்கர் போன் பண்ணி, கேட்டாலே அழுகை வர்ற மாதிரி ஒரு விலை சொன்னார்.

அப்பா சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கிட்டே சொன்னார்: "வித்துரலாம்டா. குழந்தைய வச்சுக்கிட்டு நடுரோட்டுல நின்னது போதும்."

அந்த வண்டியை வாங்க அவர் எத்தனை வருஷம் காத்திருந்தார்னு எனக்குத் தெரியும். நான் சொன்னேன், "ஒரு மாசம் டைம் குடுங்கப்பா. என்ன பிரச்சினைன்னு தெரிஞ்சுக்கிட்டு விக்கலாம்."

நம்ம வேலையில ஒரு விஷயம் பழகியிருப்போம் இல்லையா? புரொடக்‌ஷன்ல ஏதோ உடைஞ்சா, முதல்ல தோணுற காரணத்தை நம்பி கோடை மாத்தக் கூடாது. எப்ப நடக்குது, எப்ப நடக்கல, கடைசியா யார் என்ன மாத்தினாங்கன்னு பார்க்கணும். அதே வேலைதான். வாராவாரம் வெள்ளிக்கிழமை ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸ் பிடிச்சு, விடியறதுக்கு முன்னாடி கொடைரோட்டுல இறங்கி, வீட்டுக்கு வந்து வண்டியோட உக்கார ஆரம்பிச்சேன்.

துணைக்கு ஒரு ஆள் கிடைச்சார். அப்பாவோட சிநேகிதர், லாரி மெக்கானிக், ரிட்டயர் ஆனவர். மெக்கானிக் அண்ணன்னே சொல்றேன். முதல் நாள் நான் 900 ரூபா ஓபிடி ஸ்கேனரை எடுத்துக்கிட்டுப் பெருமையா வந்தேன். வண்டி அதுகூடப் பேசவே இல்ல. இந்தியாவுல ஓபிடி கட்டாயம் ஆனதே 2010க்கு அப்புறம்தான், படிப்படியா. இது 2006. அண்ணன் சிரிச்சார். "தம்பி, இதுக்கு லாக் பைல் எல்லாம் கிடையாது. கை வச்சுப் பாக்கணும், காது குடுத்துக் கேக்கணும்."

சூடு எங்க தங்குது?

இன்ஜினுக்குள்ள எரியற டீசல்ல பெரிய பங்கு சக்கரத்துக்குப் போறதில்ல, சூடாத்தான் போகுது. அந்தச் சூட்டைத் தண்ணி வாங்கிக்கும். பம்ப் அந்தத் தண்ணியை ரேடியேட்டருக்குத் தள்ளும். ரேடியேட்டர் அதைக் காத்துக்குக் கொடுக்கும். ஆக, கேள்வி நாலுதான். தண்ணி குறையுதா? தண்ணி ஓடுதா? காத்து ஓடுதா? இல்ல, எரியற வாயுவே தண்ணிக்குள்ள புகுந்து கெடுக்குதா? இந்தக் கடைசிதான் ஹெட் கேஸ்கெட் கேஸ்.

பயமான கேள்வியை முதல்ல எடுத்தோம். இன்ஜினைப் பிரிக்காமலே பார்க்கலாம். காலையில வண்டி ஜில்லுனு இருக்கும்போது மூடியைத் திறந்து ஸ்டார்ட் பண்ணோம். தொடர்ந்து குமிழ் வரல. ஆயில் டிப்ஸ்டிக்ல பால் கலந்த காபி மாதிரி இல்ல, சுத்தமா இருக்கு. சைலன்சர்ல விடாத வெள்ளைப் புகை இல்ல. ராத்திரி முழுக்க நின்ன பிறகு ஹோஸ் இறுக்கமாவும் இல்ல. கடைசியா ஒரு நீலத் திரவம் வாங்கி டெஸ்ட் பண்ணோம். அதை ஒரு கண்ணாடிக் குழாயில ஊத்தி ரேடியேட்டர் வாயில வச்சு, உள்ள இருக்கிற காத்தை அது வழியா உறிஞ்சணும். எரிஞ்ச வாயு இருந்தா நீலம் பச்சைப் பக்கமோ மஞ்சள் பக்கமோ மாறும். அரை மணி நேரம் பார்த்தோம். நீலம் நீலமாவே இருந்தது.

ரெண்டு லட்சம் மிச்சம்னு நான் குதிச்சேன். அண்ணன் மட்டும் "இன்னும் எதுவும் கண்டுபிடிக்கல தம்பி"ன்னார்.

அடுத்து, தண்ணி குறையுதா? கைப்பம்ப் வச்சு மூடியோட அளவுக்கு அழுத்தம் ஏத்தினோம். 15 நிமிஷத்துல முள் கொஞ்சம் இறங்குச்சு. டார்ச் அடிச்சுத் தேடினா, கீழ் ஹோஸ் கிளிப்புக்கிட்ட ஒரு பச்சைக் கறை. சொட்டுச் சொட்டா, இன்ஜின் சூட்டுலயே காய்ஞ்சு போற அளவுக்குத்தான் கசிவு. 60 ரூபா கிளிப். இதனாலதான் மாசாமாசம் தண்ணி ஊத்த வேண்டியிருந்திருக்கு. ஆனா இது மட்டும் மலையில கொதிக்கிறதுக்குக் காரணம் ஆகாது, கிளம்பும்போது நான் முழுசா நிரப்பிட்டுத்தான் கிளம்பினேன்.

மூணாவது, தெர்மோஸ்டாட். இங்கதான் ஒரு வினோதம். ஜில்லுனு ஸ்டார்ட் பண்ணினா மேல் ஹோஸ் கொஞ்ச நேரம் குளிராவே இருந்து, தெர்மோஸ்டாட் திறந்ததும் திடீர்னு சுடணும். இதுல முதல் நிமிஷத்துல இருந்தே இன்ஜினோட சேர்ந்து மெதுவா சூடாகுது. அண்ணன் மூஞ்சியைச் சுளிச்சார். ஹவுசிங்கைக் கழட்டினா உள்ள ஒண்ணுமே இல்ல! யாரோ எப்பவோ தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறிஞ்சிருக்காங்க.

நம்ம ஊர்ல இது ஒரு பழைய வைத்தியம். "நம்ம வெயிலுக்கு இது எதுக்குங்க"ன்னு எடுத்துடுவாங்க. ஆனா தெர்மோஸ்டாட் இல்லைன்னா இன்ஜின் சரியான சூட்டுக்கு வராது, தேய்மானம் கூடும், டீசல் அதிகமாகும். சில இன்ஜின்கள்ல அது திறக்கும்போது பைபாஸ் வழியையும் சேர்த்து அடைக்கும். அது இல்லைன்னா ஒரு பங்கு தண்ணி ரேடியேட்டர் பக்கமே போகாம சும்மா சுத்திக்கிட்டு இருக்கும். எல்லாத்துக்கும் மேல, அடிப்படை வியாதியை இது மறைச்சிடும். நாம எர்ரரை டிரை கேட்ச் போட்டு முழுங்கிட்டு டெஸ்ட் பாஸ் ஆயிடுச்சுன்னு சொல்ற மாதிரி. புதுசு வாங்கி, போடுறதுக்கு முன்னாடி அம்மாவோட பால் பாத்திரத்துல தெர்மாமீட்டரோட கொதிக்க வச்சு, அதுல அச்சடிச்ச டிகிரிக்கிட்ட திறக்குதான்னு பார்த்தேன். திறந்தது. அம்மாவுக்குப் புதுப் பாத்திரம் வாங்கிக் கொடுத்தேன்.

ரெண்டு குற்றவாளி

புதுத் தெர்மோஸ்டாட், புது கிளிப். மறுபடியும் மலைக்குப் போனோம், குழந்தை இல்லாம. பாறை வர்றதுக்கு முன்னாடியே முள் ஏறிடுச்சு. நிறுத்தி, திரும்பி வந்தோம்.

ஆனா இந்தத் தடவை நான் நோட்டுல எழுதிக்கிட்டே வந்தேன். நாலுவழிச் சாலையில 80ல போனா முள் நடுவுல நிக்குது. மலையில 20, 30ல ஏறினா ஏறுது. வத்தலக்குண்டு நெரிசல்ல ஏசியோட நின்னாலும் லேசா ஏறுது. இதைப் படிச்சுக் காட்டினதும் அண்ணன், "வேகமாப் போனா எதிர்க்காத்து அடிக்குது. மெதுவாப் போனா யாரு காத்து குடுக்கணும்?"னு கேட்டார்.

ஃபேன்!

இந்த மாதிரிப் பழைய பெரிய வண்டிகள்ல ஃபேன் கரண்ட்ல ஓடாது, இன்ஜினோட சேர்ந்து சுத்தும். நடுவுல விஸ்கஸ் கிளட்ச்னு ஒரு வட்ட டப்பா, அதுக்குள்ள கெட்டியான சிலிகான் எண்ணெய். முன்னாடி ஒரு பட்டை ஸ்பிரிங் இருக்கும். ரேடியேட்டர்ல இருந்து சூடான காத்து அது மேல பட்டா, ஸ்பிரிங் வளைஞ்சு வால்வைத் திறக்கும். எண்ணெய் உள்ள பாய்ஞ்சு ஃபேனை இறுக்கிப் பிடிக்கும். ஃபேன் 'ஹோ'ன்னு இரையும். எண்ணெய் கசிஞ்சு போச்சுன்னா பிடி இருக்காது. ஃபேன் சுத்தும், ஆனா சோம்பேறித்தனமா சுத்தும். கண்ணுக்கு வேலை செய்யற மாதிரியே தெரியும், அதான் ஏமாந்து போறோம்.

சூடான இன்ஜினை அணைச்சு, சாவியைக் கையில எடுத்துட்டு, ஃபேனைக் கையால ஒரு தள்ளு தள்ளினேன். நல்லதா இருந்தா முக்கி நிக்கணும். இது கோயில் திருவிழா ராட்டினம் மாதிரி ஜாலியா சுத்துச்சு. கிளட்ச் ஓரத்துல எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுப்பா படிஞ்சிருந்தது.

நான் துள்ளி, "கண்டுபிடிச்சாச்சுண்ணே!"ன்னேன். அண்ணன் மறுபடி, "ஒண்ணைக் கண்டுபிடிச்சிருக்க"ன்னார்.

அவர் சந்தேகப்பட்டது சரி. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருக்கே, துப்பாக்கி மாதிரி, அதை வச்சு ரேடியேட்டர் முழுக்க அளந்தேன். இதுல ஒரு டிப்ஸ்: பளபளப்பான உலோகத்துல அது தப்பாக் காட்டும், கறுப்பு டேப் ஒட்டி அது மேல அளக்கணும். நடுவுல 88, 90. இடது ஓரத்துல ஒரு கை அகலத்துக்கு மேல இருந்து கீழ வரைக்கும் 50தான். சூடான ரேடியேட்டர்ல குளிர்ந்த இடம் இருக்குன்னா அங்க தண்ணியே ஓடலைன்னு அர்த்தம். அடைப்பு.

திண்டுக்கல்ல ஒரு ரேடியேட்டர் பட்டறையில கொடுத்து மேல் டேங்கைப் பிரிச்சோம். குழாய்களோட வாய் எல்லாம் வெள்ளையா, கல்லு மாதிரி படிஞ்சு கிடக்கு. பட்டறைக்காரர் நகத்தால ஒரு துண்டைப் பெயர்த்து என் கையில வச்சார். "போர் தண்ணி. எல்லாப் பயலும் இதைத்தான் ஊத்தி வைக்கிறாய்ங்க."

எங்க வீட்டு போர் தண்ணியில வெந்நீர் போட்டா பாத்திரத்துல வெள்ளை வெள்ளையா படியும். அதே சுண்ணாம்புதான். சர்க்கரை சுடுதண்ணியில நல்லா கரையும் இல்லையா, இந்தக் கால்சியம் கார்பனேட் அதுக்கு நேர் எதிர். சூடாக ஆகத் தண்ணியை விட்டுப் பிரிஞ்சு சுவர்ல ஒட்டிக்கும். அலுமினியத்தோட ஒப்பிட்டா சூட்டை ரொம்பக் குறைவாத்தான் கடத்தும். ஒரு தடவை ஊத்தினா அதுல இருக்கிற சுண்ணாம்பு படிஞ்சதோட கதை முடிஞ்சிடும். ஆனா 60 ரூபா கிளிப்ல கசிவு இருந்ததே? குறையக் குறைய நிரப்பினோம். ஒவ்வொரு தடவையும் புதுச் சுண்ணாம்பு.

அந்த "எல்லாப் பயலும்" யாருன்னு நினைக்கிறீங்க? நான்தான். அஞ்சு வருஷமா லீவுக்கு வர்றப்பல்லாம், வண்டியைக் கழுவிட்டு மோட்டார் ரூம் ஹோஸை எடுத்து ரேடியேட்டரை நிரப்பினது நான். இன்ஜினியரிங் டிகிரி வாங்கினவன். தெர்மோடைனமிக்ஸ் பேப்பரை முதல் தடவையிலேயே பாஸ் பண்ணவன்.

அன்னைக்கு ராத்திரி அப்பாகிட்ட சொன்னேன். "அப்பா, வண்டியைக் கெடுத்தது நான்தாம்ப்பா." அவர் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "ஹோஸை எடுத்துக் குடுத்தது யாரு? நான்தான? சரி, இப்ப என்ன செய்யணும், அதைச் சொல்லு"ன்னார்.

ரெண்டையும் சேர்த்து

சென்னை புதுப்பேட்டையில அலைஞ்சு ஒரு ஃபேன் கிளட்ச் பிடிச்சேன். ரேடியேட்டரைச் சுத்தம் பண்ணி, மூடியை மாத்தி, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊத்தினோம். எல்லாம் சேர்த்து 30 ஆயிரத்துக்குள்ள முடிஞ்சது.

ஒண்ணை மட்டும் சரி பண்ணியிருந்தா என்ன ஆகியிருக்கும்? சமவெளியில வண்டி நல்லா ஓடியிருக்கும். நாங்களும் நம்பியிருப்போம். அடுத்த மே மாசம், அதே வளைவுல, அதே குழந்தையோட நின்னிருப்போம். அதனாலதான் பிரச்சினை வந்த அதே சூழ்நிலையில டெஸ்ட் பண்ணணும். மே மாசம், மதியம் 1 மணி, ஏசி முழுசா, 4 அரிசி மூட்டை, நானும் அப்பாவும் அண்ணனும். காமக்காபட்டியில நடு. டம் டம் பாறையில நடு. பெருமாள்மலையில நிறுத்தி டேப் மேல அளந்தேன், 91. நடுவுல ரெண்டு இடத்துல ஃபேன் 'ஹோ'ன்னு இரைஞ்சு அடங்குச்சு. அப்பா அதைக் கேட்டு, "என்னடா சத்தம்?"னு பயந்தார். அண்ணன் சொன்னார், "பயப்படாதீங்க, அது வேலை பாக்குற சத்தம்."

மலையில மாட்டினா

முடிக்கிறதுக்கு முன்னாடி, நீங்க எந்த வண்டி வச்சிருந்தாலும் உதவுற சில விஷயம்.

முள் ஏற ஆரம்பிச்சதும் ஏசியை அணைங்க, ஹீட்டரை முழுசா திறங்க. வேர்க்கும். ஆனா ஹீட்டர் ஒரு குட்டி ரேடியேட்டர், இன்ஜின் சூட்டை இழுத்துக்கும். இன்ஜினோட சுத்துற ஃபேன் இருந்தா கியரைக் குறைங்க. இன்ஜின் வேகமாச் சுத்தினா பம்பும் ஃபேனும் வேகமாச் சுத்தும். ஆவியோ தண்ணிக் கசிவோ இல்லாம முள் மட்டும் ஏறியிருந்தா, ஓரம் கட்டி ஐடிலிங்ல விடலாம். ஆவி வந்தா, தண்ணி கொட்டினா, முள் சிவப்புல இருந்தா உடனே அணைச்சிடுங்க. தண்ணி இல்லாம ஓட்டுற ஒவ்வொரு நிமிஷமும் ஹெட்டை வளைக்கிற நிமிஷம். சூடான இன்ஜின் மேல பச்சைத் தண்ணி ஊத்தாதீங்க, வெடிப்பு விடும். மூடியைத் தொட ஒரு மணி நேரமாவது பொறுங்க. பழைய கூலன்ட்டைத் தெருவுல கொட்டாதீங்க, அது இனிப்பா இருக்கும், விஷம். நாய் நக்கினா செத்துப் போயிடும்.

அப்புறம், யாராவது 5 நிமிஷத்துல "ஹெட் போயிருச்சு"ன்னு சொன்னா, "எந்த டெஸ்ட்ல தெரிஞ்சது?"ன்னு மரியாதையாக் கேளுங்க. நிஜமாவே போயிருக்கலாம். ஆனா கேளுங்க.

பஜேரோ இன்னும் எங்க வீட்டுலதான் இருக்கு. ஞாயித்துக்கிழமை காலையில, வண்டி ஜில்லுனு இருக்கும்போது, அப்பாவே பானெட்டைத் திறந்து தண்ணி அளவு பார்த்து எனக்கு வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்புறார். கூடவே எதுவும் எழுத மாட்டார். போன வாரம் மட்டும் ஒரு வரி எழுதியிருந்தார்: "குறையல."

அந்த லாரி டிரைவர் அண்ணனுக்கு இது எப்பவாவது கேட்டா, ரொம்ப நன்றிண்ணே. என் மூஞ்சி இருக்கு.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே. பத்திரமா ஓட்டுங்க.